உறை அவனுக்கு, தட்டு அவளுக்கு

தம்பி சண்டை போட்டிருந்தால் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவனோ "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். போன வாரத்திலிருந்து அந்த ஒற்றைச் "சரி" அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

விவகாரம் அப்பா விட்டுப்போன ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றியது.

அப்பா இறந்த புதிதில் ஒரு வியாபாரி வந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். "எடைக்குப் போடுங்க. அட்டைக்காவது ஏதாவது தேறும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்படி யாருக்கும் வேண்டாத சாமானுக்குத்தான் அக்காவும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். உன்னிடம் இருந்தால் எனக்குத் தெரியாமல் விற்றுவிடுவாய் என்று அவள். நீ மட்டும் யோக்கியமா என்று அவன்.

கடைசியில் உலகத்தில் வேறு எந்தக் குடும்பமும் செய்யாத ஒரு பாகப்பிரிவினையைச் செய்தார்கள். உறைகள் அவனுக்கு, தட்டுகள் அவளுக்கு. ஒருவரை விட்டு ஒருவர் விற்க முடியாது. என்ன மூளை!

தட்டுக்கும் அட்டை உறைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய காகித உறை யாருக்கு என்று ஒரு பிரச்சினை வந்தது. "காகிதமெல்லாம் உன் பங்குதானே? இதையும் எடுத்துட்டுப் போ" என்று அக்கா ஒவ்வொன்றாக உருவி அவன் முகத்தில் வீசினாள். அவனும் பொறுக்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு உலகம் தலைகீழானது. செல்போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் திடீரென்று முள் வைத்துத் தேய்த்துக் கேட்க ஆசை வந்தது. எடைக்குப் போடச் சொன்ன தட்டுகளைத் தேடி ஆட்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். தம்பியின் காபிக் கடையோ அதே நேரத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வாடகைப் பாக்கி கட்டாவிட்டால் கட்டடக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார்.

அக்கா தம்பி மனைவி மூலம் சொல்லியனுப்பினாள். "தட்டெல்லாம் தரேன். சேர்த்து வித்துக்கோ. எனக்கு ஒரு காசு வேணாம். அம்மாவ எங்கிட்ட அனுப்பிடு."

அதற்குத்தான் அந்தச் "சரி".

*

அக்காவுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தும் நிலையத்தில் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் காதில் சத்தம் வைத்து, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தம்பி அவளை 'டாக்டரம்மா' என்பான். மரியாதைக்காகச் சொன்னதாக ஞாபகமே இல்லை.

இன்று லீவு போட்டிருந்தாள். ஜன்னலோரம் அம்மாவுக்குக் கட்டில். பக்கத்தில் புதிதாக வாங்கிய மெத்தை நாற்காலி, முழங்காலுக்கு இதமாகக் கால் நீட்டும் பலகையோடு. தம்பி கடையில் ரொட்டிக்கு மாவு பிசைவது அம்மா. அடுப்பில் வைத்து எடுப்பதும் அம்மா. கல்லாவில் ஆள் இல்லாவிட்டால் கல்லாவும் அம்மா. ஒரு தடவை தெரு எதிர்ப்பக்கத்தில் நின்று அக்கா பார்த்திருக்கிறாள். அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மனசுக்குள் போட்ட சபதம் இது. அம்மா உட்கார வேண்டும்.

நாற்காலியை ஒரு தடவை தட்டிச் சரிசெய்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி. வீட்டிலேயே பூட்டு இருக்கும் ஒரே அலமாரி.

தட்டுகளை அவள் சும்மா அடுக்கவில்லை. அடையாள அட்டைக்கு உறை செய்யும் கடையில் அளவு கொடுத்து, தடித்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைகள் செய்து வாங்கி, ஒவ்வொன்றையும் அதில் போட்டு வைத்திருந்தாள். தூசி படக் கூடாது. கை படக் கூடாது. போட்டுக் கேட்கவும் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சாக்ஸபோனைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அவன் கடைச் சுவத்துல மாட்டி ஷோ காட்டறான். அட்டைய வச்சுகிட்டு என்ன பண்ணுவான்? பாட்டு எங்கிட்ட இருக்கு" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்!

வாசலில் வேன் நின்றது.

*

"செருப்ப வெளிய விடணுமா, உள்ள விடணுமா?" தம்பி கையில் அட்டைப் பெட்டியோடு வாசலில் நின்றான். இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

"எங்க வேணா விடு. நான் ஒண்ணும் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

"போவ. ஒத்தச் செருப்ப மட்டும்."

பின்னால் வந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "விட்டா என்னையும் இடுப்போட வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துப்பீங்க. நகருடா, கால் வலிக்குது."

அக்கா ஓடிப்போய் அம்மாவின் பையை வாங்கினாள். "உக்காரும்மா. இது உனக்குத்தான் வாங்கினேன்."

அம்மா நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள். "எதுக்குடி இவ்வளவு செலவு? நாலு நாள் இருந்துட்டுப் போறவளுக்கு?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி பெட்டியைப் பார்த்தான்.

ஆக, அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஓய்வெடுத்துவிட்டு வா என்று கூட்டிவந்திருக்கிறான். கோழை என்று நினைத்துக்கொண்டாள். சொல்லும் வேலையையும் தன் தலையில் கட்டிவிட்டானே என்று எரிச்சலாக வந்தது. சரி, தட்டு கைமாறட்டும். சாயந்திரம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு பக்கம் உறைகள், ஒரு பக்கம் தட்டுகள் என்று அடுக்கினார்கள். இன்று வாங்க வரும் புது வியாபாரி வந்து சேர்வதற்குள் ஜோடி சேர்க்க வேண்டும்.

"தட்ட வெளிய எடுக்காத. பிளாஸ்டிக்கோடயே வை. நடுவுல எழுதியிருக்கறது நல்லாத் தெரியுதில்ல? ரேகை பட்டா விலை போயிடும்" என்றாள் அக்கா.

"உத்தரவு டாக்டரம்மா."

அவள் தட்டின் நடுவிலிருக்கும் வட்டக் காகிதத்தில் அச்சிட்ட எண்ணைப் படிப்பாள். அவன் உறையைத் தேடி எடுத்து அதன்மேல் வைப்பான். கொஞ்ச நேரம் வெறும் எண்களாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"இது... தொப்பிக்காரன்தானே?" தம்பி ஓர் உறையைத் தூக்கினான்.

அக்காவுக்குத் தன்னையறியாமல் உதடு விரிந்தது. அந்தப் பேரெல்லாம் அப்பா வைத்தது. வாசிப்பவர்களின் பெயர் வாயில் நுழையாத வயசில் பிள்ளைகளுக்காக வைத்த பட்டப்பெயர்கள். தொப்பிக்காரன். புகைத் தாத்தா. ஊதாப் படிக்கட்டு. கோவிச்சுக்கிட்ட பியானோ.

"கோவிச்சுக்கிட்ட பியானோ எங்க?"

"அது வாசல் பக்கத்து மேசைக்கு மேல இருந்துச்சு. அதப் போட்டோ எடுக்கன்னே ஒரு பொண்ணு வரும். ஒரு காபி வாங்கிட்டு மூணு மணி நேரம் உக்காரும்."

"கடை ஏன் மூழ்காது?"

"அதான் மூழ்குது." அவனும் சிரித்தான். "சட்டமெல்லாம் கழட்டிட்டேன்க்கா. சுவரெல்லாம் வெளுத்த கட்டம் கட்டமா நிக்குது. அம்மா பாத்துட்டு, பல்லு புடுங்கின வாய் மாதிரி இருக்குன்னுச்சு."

"இருந்துச்சு. அதச் சொன்னேன்" என்றாள் அம்மா நாற்காலியிலிருந்து. கடைசியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். இந்த ஒரு காட்சிக்காக எத்தனை தட்டு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

*

வியாபாரியை எல்லோரும் லென்ஸ்காரர் என்பார்கள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். கையில் மடக்கும் பெட்டி மாதிரி ஒரு சின்ன பிளேயர். இந்த ஆளைச் சொன்னது தம்பிதான். அக்கா போன் மட்டும் செய்திருந்தாள்.

"வணக்கம் சார்" என்று தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி பதிலுக்குச் சும்மா ஒரு முனகல் முனகிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

முதலில் உறைகள். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே சாய்த்தார். மூலையை விரலால் தடவினார். முதுகுப் பக்கத்து எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"வெயில் படாத சுவரா சார்?"

"ஆமா. உள் சுவர்."

"கண்ணாடிக்குள்ள இருந்திருக்கு. பூச்சி இல்ல, பூஞ்சை இல்ல, மூலை மடங்கல. உள்காகிதம்கூட அப்படியே இருக்கு. பிரமாதமா வச்சிருக்கீங்க."

அக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஷோ காட்டியவனுக்குப் பாராட்டு! இருக்கட்டும். தட்டைப் பார்க்கட்டும்.

லென்ஸ்காரர் தொப்பிக்காரனை எடுத்தார். பிளாஸ்டிக்கைக் கையில் பிடித்ததுமே அவர் முகம் மாறியது. பிளாஸ்டிக்கின் வாயை அகற்றித் தட்டை மெல்ல இழுத்தார். தட்டு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். காயாத பெயின்ட்டிலிருந்து விரலை எடுக்கும்போது வருமே, அந்தச் சத்தத்தோடு வெளியே வந்தது.

கருப்பாகப் பளபளக்க வேண்டிய தட்டின் மேல் பால் சிந்திய மாதிரி ஒரு படலம்.

"தூசிதான். துடைச்சா போயிடும்" என்றாள் அக்கா.

அவர் நடுக் காகிதத்துக்குப் பக்கத்தில் பொடியாகக் கீறியிருந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "முதல் அச்சேதான். நல்லாயிருந்தா தங்க விலை. அதான் வயிறு எரியுது" என்றார் தனக்குத்தானே. பிளேயரைத் திறந்து தட்டை வைத்தார். முள்ளை இறக்கினார்.

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு அடியில், ரொம்ப தூரத்தில், மூடிய அறைக்குள்ளிருந்து யாரோ ஊதுகிற மாதிரி சாக்ஸபோன்.

தம்பிக்கும் அம்மாவுக்கும் அது கேட்டிருக்குமோ என்னவோ. அக்காவுக்குக் கேட்டது. அவள் வேலையே அதுதானே.

"அடுத்தது" என்றாள்.

புகைத் தாத்தா. அதே இரைச்சல். ஊதாப் படிக்கட்டு. அதே இரைச்சல். அவர் மீதியைப் பிளேயரில் வைக்கக்கூட இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஓரமாக வைத்துக்கொண்டே போனார்.

"கழுவினா போகாதா?" தம்பி கேட்டான்.

"அழுக்குன்னா போகும் சார். இது பிளாஸ்டிக்ல இருக்கற எண்ணெய். சூட்டுக்குக் கசிஞ்சு தட்டுல ஏறிடும். ஏறினா ஏறினதுதான். தட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல ஒரு காகித உறை இருந்திருந்தா இவ்வளவு மோசமாகியிருக்காது." அவர் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "மன்னிச்சுக்கோங்க மேடம். தட்ட நான் எடுக்க முடியாது. உறைய மட்டும் எடுத்துக்கறேன். நல்ல தட்டு வச்சிருப்பான், உறை கிழிஞ்சிருக்கும். அந்த மாதிரி ஆளுங்க உறைக்கு மட்டுமே கொட்டிக் குடுப்பாங்க."

"உறைக்கு மட்டும்னா..." அக்காவின் குரல் கீச்சென்றது. "கடை வாடகைக்கு வருமா?"

"வரும். மேலயே வரும்."

"விடுக்கா" என்றான் தம்பி மெதுவாக.

அந்த மெதுவுதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"என்னத்த விடறது? காகிதத்தக் குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"நீதான்க்கா மூஞ்சில வீசின."

"வீசினா? பொறுக்கிட்டுப் போயிடுவியா? தட்டுக்கு வேணுமே, இவளுக்கு ஒண்ணும் தெரியாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்ட?"

"எனக்கும் தெரியாதுக்கா. சத்தியமா."

"உனக்குத் தெரியாது! ஆனா உன்னுது மட்டும் புதுசு மாதிரி இருக்கு. அதிர்ஷ்டக்காரன்டா நீ. இப்ப உனக்குக் கொண்டாட்டம்தான். உறைய வித்துக் கடையக் காப்பாத்திப்ப. அம்மாவையும் திருப்பி இழுத்துட்டுப் போயி மாவு பிசைய விடுவ. தட்டு இல்லன்னா அம்மா இல்ல. அதானே கணக்கு?"

சொல்லிமுடித்த பிறகுதான் யார் பக்கத்தில் நின்று சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள்.

"என்ன கணக்கு?"

லென்ஸ்காரர் குனிந்து பிளேயரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"டேய், நாலு நாள் ஓய்வெடுத்துட்டு வான்னுதானே சொன்ன?"

தம்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ சொல்லுடி."

"நீ இனிமே இங்கயே இருக்கணும்னு..." என்று இழுத்தாள் அக்கா. "அதுக்கு பதிலா தட்டெல்லாம் அவன் எடுத்துக்கலாம்னு சொன்னேன்."

"எத்தன தட்டுக்கு?"

"அம்மா..."

"கேக்கறேன்ல?"

"மொத்தத்துக்கும்தாம்மா."

"பரவாயில்ல. ஒத்தத் தட்டுக்குன்னு நெனச்சு பயந்துட்டேன்." அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். எழுவதற்குச் சிரமப்பட்டாள். அக்கா தாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"உன் கால பாரும்மா. இதுக்குத்தான், உனக்காகத்தானே கேட்டேன்."

"எனக்காகன்னா எங்கிட்டல்ல கேட்டிருப்ப? உங்கப்பா செத்தப்ப அந்த அலமாரிய நடுவுல வச்சுப் பிரிச்சீங்களே, அப்பவும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்த மனுஷன் சாமான் யாருக்குன்னு எனக்கு ஒரு யோசனை இருக்கும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல."

"நீ அவங்கூடப் போனா மறுபடி நிக்கணும்மா. நாளெல்லாம் நிக்கணும்."

"நிப்பேன்." அம்மா தன் பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவனுக்கு நான் வேலைக்கு வேணும். உனக்கு நான் அவன ஜெயிக்கறதுக்கு வேணும். வேலைன்னா எனக்குச் செய்யத் தெரியும்டி. பந்தயப் பொருளா உக்காரத் தெரியாது."

வாசலைத் தாண்டிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வேனின் முன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தம்பி ஏதோ சொல்ல வந்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "போ. உன் அட்டைய எடுத்துட்டுப் போ."

லென்ஸ்காரரிடம் "கடைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவன் உறைகளை எடுத்துக்கொண்டு போனான்.

*

லென்ஸ்காரர் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. பிளேயரை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"மேடம், சார் சொல்ல வேணாம்னாரு. ஆனா இப்படி ஆனதுக்கப்புறம் சொல்லாமப் போனா எனக்கு மனசு கேக்காது."

"என்ன?"

"போன மாசம் அவங்க கடைக்குக் காபி குடிக்கப் போனேன். சுவத்துல பாத்தேன். அப்பவே உறைக்கு மட்டும் விலை சொல்லி முன்பணத்த நீட்டினேன். வாங்கிக்கல. எங்க அக்காகிட்ட தட்டு இருக்கு, அவங்களக் கேக்காம விக்க மாட்டேன்னாரு."

அக்கா வறட்டுத்தனமாகச் சிரித்தாள். "தட்டோட சேர்த்தா ரெண்டு மடங்கு கிடைக்கும்னு சொல்லியிருப்பீங்க. அதான்."

"இல்ல மேடம். உறை இல்லாம இத்தன வருஷம் கெடந்த தட்டு நல்லாயிருக்காது, நம்பாதீங்கன்னு தெளிவாச் சொன்னேன். அதுக்குப் பதினஞ்சு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. தட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்ல, அக்கா போன் பண்ணுவாங்க, போயிப் பாருங்கன்னாரு."

அவர் போன பிறகு அக்கா ரொம்ப நேரம் மேசையருகே நின்றாள். தட்டு தேறாது என்று தெரிந்திருக்கிறது. உறையே போதும் என்றும் தெரிந்திருக்கிறது. அப்புறமும் "சரி" என்றிருக்கிறான். அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். மாவு பிசைய வேறு ஆள் இல்லாதவன்!

அம்மாவை உட்காரவைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியிருக்குமோ? கேட்டுவிட வேண்டும். இப்போதே கேட்டுவிட வேண்டும்.

போனை எடுத்தபோதுதான் தெரிந்தது. தம்பியின் எண் அவளிடம் இல்லை. அந்தப் பாகப்பிரிவினை முடிந்த அன்றே அழித்துவிட்டிருந்தாள். இத்தனை நாளும் எல்லாம் அவன் மனைவி வழியாகத்தான். அவளிடம் கேட்டால் இன்றைய கதை முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

கடை எண் மட்டும் ஞாபகம் இருந்தது. பெயர்ப் பலகையில் தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி எழுதியிருப்பான்.

சாயந்திரம் வரை பொறுத்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள், தம்பிதான் எடுப்பான் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் அடுப்புக் கதவைத் திறக்கும் சத்தம், பீங்கான் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். பிறகு, வாடிக்கையாளர்களுக்கென்றே வைத்திருக்கும் குரலில் அம்மா கேட்டாள்:

"சொல்லுங்க. என்ன வேணும்?"